தேயிலைத் தோட்டத்திலிருந்தே ஒரு பட்டம்: முதலாளிமாருக்கு என்ன இலாபம்?



கடந்த பள்ளி விடுமுறையில் ஒரு மாலை நேரம். தானா ராத்தா உணவுக்கடை ஒன்றில் என் பழைய மாணவன் ஒருவனைக் கண்டேன். பத்தாண்டுகளுக்கு முன் என்னிடம் ஆறாம் ஆண்டு பயின்றவன். அறிவியல் பாடத்தில் கேள்வி கேட்டே என்னைக் களைப்படையச் செய்தவன். எஸ்.டி.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி பெற்றான், வடக்கே பெர்லிஸில் பல்கலைக்கழக இடமும் கிடைத்தது என்று கேள்விப்பட்டு மகிழ்ந்திருந்தேன். "போகவில்லை டீச்சர்" என்றான். அப்பாவுக்கு முதுகுவலியால் வேலை குறைந்துவிட்டது. அம்மா ஒருவரின் கொழுந்து வருமானத்தில் தங்கைகள் இருவரும் படிக்க வேண்டும். இப்பொழுது இரவில் காய்கறி லாரி ஓட்டிச் செலாயாங் மொத்தச் சந்தைக்குப் போய்வருகிறான்.

அதே வாரத்தில் பள்ளி வேலையாகத் தோட்ட நிர்வாகி ஒருவரைச் சந்திக்க நேர்ந்தது. பேச்சுவாக்கில் அவர் தம் குறையைச் சொன்னார். மூன்றாண்டுகளில் நான்கு உதவி நிர்வாகிகள் வந்து போய்விட்டார்களாம். நால்வரும் பட்டதாரிகள். மழை, குளிர், தனிமை, கைப்பேசிக்குச் சரியான அலைவரிசை இல்லாமை என்று ஆளுக்கொரு காரணம். "இந்த மலைக்கு ஆளே கிடைப்பதில்லை டீச்சர்" என்றார். அவருடைய அலுவலகச் சன்னலிலிருந்து பார்த்தால் என் மாணவன் பிறந்த லயம் தெரிகிறது.

இவ்விரண்டு உரையாடல்களும் சில வாரங்களாக என் மனத்தைவிட்டு அகலவில்லை. ஒருவருக்கு ஆள் வேண்டும். இன்னொருவனுக்குப் படிப்பு வேண்டும். இருவருக்கும் இடையே நடந்தால் பத்து நிமிடத் தொலைவு. இதை இணைக்கும் பாலம் ஒன்று உலகில் வேறு சில நாடுகளில் கட்டப்பட்டிருக்கிறது. அதைப் 'பட்டத் தொழிற்பயிற்சி' என்று தமிழில் சொல்லலாம். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு உதவுங்கள் என்று முதலாளிமாரிடம் கைகூப்பிக் கேட்பது நம் வழக்கமாகிவிட்டது. நான் இங்கே அப்படிக் கேட்கப் போவதில்லை. இதனால் மிகுந்த இலாபம் அடையப் போகிறவர் முதலாளியே என்பதுதான் என் கருத்து.

முதலில் இது என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒரு நிறுவனம் படிப்பு முடித்த இளைஞரைத் தேடாமல், படிக்கத் தகுதியுள்ள இளைஞரை வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. முதல் மாதத்திலிருந்தே சம்பளம் உண்டு. வாரத்தில் ஒரு நாளோ, ஆண்டில் சில மாதங்களோ அவர் பல்கலைக்கழகத்தில் பாடம் பயில்வார். மற்ற நாள்களில் வேலைக்களமே வகுப்பறை. சில ஆண்டுகளில் முழுமையான பட்டம் கையில் இருக்கும். கல்விக் கட்டணக் கடன் இராது. இங்கிலாந்தில் 2015-இல் இப்பெயரிலேயே தொடங்கினார்கள். 2017 ஏப்ரல் முதல், ஆண்டுச் சம்பளப் பட்டுவாடா 30 இலட்சம் பவுனைத் தாண்டும் நிறுவனங்கள் அதற்கு மேற்பட்ட தொகையில் 0.5 விழுக்காட்டைப் பயிற்சி வரியாகக் கட்ட வேண்டும், அப்பணத்தைக் கொண்டே தம் பயிற்சியாளர்களைப் படிக்க வைக்கலாம் என்று ஏற்பாடு செய்தார்கள்.

இங்கிலாந்தை விடவும் எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு ஜெர்மனி. 1970-களின் தொடக்கத்தில் அந்நாட்டின் தென்மேற்கிலுள்ள ஸ்டுட்கார்ட் நகர நிறுவனங்களுக்கு ஒரு கவலை வந்தது. பள்ளியிறுதித் தேர்வில் சிறந்து விளங்கிய பிள்ளைகள் எல்லாரும் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடுகிறார்கள், தொழிற்பயிற்சிக்கு வருவதில்லை என்பதே அது. டைம்லர்-பென்ஸ், போஷ் போன்ற நிறுவனங்கள் அம்மாநில அரசோடு பேசி, 1974-இல் ஸ்டுட்கார்ட்டிலும் மன்ஹைமிலும் தொழிற்கல்விக் கழகங்களைத் தொடங்கச் செய்தன. மூன்று மாதம் வகுப்பு, மூன்று மாதம் வேலை என்று மாறி மாறிப் போகும். மூன்றாண்டும் நிறுவனமே சம்பளம் தரும். 2009-இல் அக்கழகம் உயர்கல்வி நிறுவன நிலைக்கு உயர்ந்தது. ஏறத்தாழ 9,000 நிறுவனங்கள் அதன் பங்காளிகள். படித்து முடிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் தம்மைப் படிக்க வைத்த நிறுவனத்திலேயே தங்கிவிடுகிறார்கள். அங்கே மாணவரைத் தேர்ந்தெடுப்பது நிறுவனம். பல்கலைக்கழகம் பிறகுதான் சேர்த்துக்கொள்கிறது. முதலாளி விரும்பித் தொடங்கிய ஏற்பாடு இது. அரை நூற்றாண்டாகக் காசு செலவழித்து அதைத் தொடர்கிறார்கள் என்றால் கணக்குப் பார்க்காமலா தொடர்வார்கள்?

இந்தியாவிலும் இவ்வழி புதிதன்று. பிலானியிலுள்ள பிட்ஸ் நிறுவனம் 1979 முதலே பணியிலிருப்போருக்கான பட்டப் படிப்புகளை நடத்தி வருகிறது. விப்ரோ நிறுவனம் 1995-இல் அதனுடன் சேர்ந்து, சாதாரண அறிவியல் பட்டதாரிகளை வேலைக்கு எடுத்து முதுகலைப் பட்டம் வரை படிக்க வைக்கத் தொடங்கியது. எச்.சி.எல். நிறுவனம் 2017-இல் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளை எடுத்துப் பயிற்சியளித்து, வேலை செய்துகொண்டே தஞ்சாவூர் சாஸ்த்ரா முதலிய பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற வழி செய்தது. பொறியியல் பட்டதாரிகள் மலைபோல் குவிந்துகிடக்கும் நாட்டில் இவர்கள் ஏன் பள்ளிப் பிள்ளைகளைத் தேடிப் போனார்கள்? பதினெட்டு வயதில் வந்து, வேலையையும் படிப்பையும் ஒன்றாகக் கற்றவர் எளிதில் விட்டுப் போவதில்லை என்பதுதான் நான் காணும் விடை.

இனி நம் மலைக்கு வருவோம். ஆனால் அதற்கு முன் என் கதையைச் சிறிது சொல்ல வேண்டும்.

நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்று டிப்ளோமாவோடு தமிழ்ப்பள்ளிக்குள் நுழைந்தவள். பட்டம் பெற்றது பின்னர், கல்வி அமைச்சு நடத்திய ஆசிரியர் பட்டதாரியாக்கும் திட்டத்தின் வழி. நாள்தோறும் பாடம் நடத்துவேன். விடுமுறைகளில் மலையிறங்கிப் போய் நானே மாணவியாக உட்காருவேன். பிள்ளைகள் இருவரையும் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போன அந்த விடுமுறைகளின் அலுப்பை இன்றும் மறக்கவில்லை. எனினும் இங்கே நான் சொல்ல வருவது என் முதலாளியான அமைச்சும் என் பள்ளியும் அடைந்த பயனை. இறுதியாண்டில் செயலாய்வு ஒன்று செய்ய வேண்டும். வாசிக்கத் திணறிய என் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் எட்டுப் பேரையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டேன். குறில், நெடில் மயக்கத்தைத் தீர்க்க நான் உருவாக்கிய அட்டைகளை எங்கள் பள்ளியில் இன்றும் பயன்படுத்துகிறார்கள். வெளியிலிருந்து வல்லுநர் ஒருவரை அழைத்திருந்தால் பள்ளி அதற்குப் பணம் கட்டியிருக்கும். அந்தப் பட்டம் பெற்றபின் நான் பள்ளியை விட்டுப் போகவுமில்லை. பயிற்றுப்பணி மாணவர்களுக்கு வழிகாட்டி ஆசிரியராக இருந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். அவர்கள் முன்னிலையில் நாம் சோம்பலாகப் பாடம் நடத்த முடியாது. கற்பிக்க வந்தவரைக் கற்பிப்பதால் நம் வேலையும் கூர்மையாகிறது.

தேயிலைத் தொழிற்சாலையிலும் இதுவே நடக்கும் என்று நம்புகிறேன். பறித்த கொழுந்தில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் தண்ணீர். தூளாகும்போது மூன்று விழுக்காடு அளவே ஈரம் நிற்கிறது. ஏறத்தாழ ஐந்து கிலோ கொழுந்து ஒரு கிலோ தூளாகிறது. வாட்டுவது, உருட்டுவது, நொதிக்க விடுவது, உலர்த்துவது, சலிப்பது என்னும் ஒவ்வொரு படியிலும் காற்றின் ஈரமும் வெப்பமும் நேரமும் கணக்கு. மழை நாளில் வந்த கொழுந்தை எவ்வளவு நேரம் வாட்ட வேண்டும் என்பதை முப்பதாண்டு அனுபவமுள்ள மேற்பார்வையாளர் முகர்ந்தே சொல்லிவிடுவார். அவர் ஓய்வு பெறும் நாளில் அந்த அறிவும் அவரோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. அவர் பக்கத்தில் நான்காண்டு நின்று, அவர் மூக்கு சொல்வதை அளவுகளாக எழுதி, பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்க்கும் ஒரு மாணவன் இருந்தால், அந்த மாணவனின் இறுதியாண்டு ஆய்வேடு அத்தொழிற்சாலையின் சொத்து. அவனுக்கு வழிகாட்டும் விரிவுரையாளரும் மண், பூச்சி, இயந்திரம் பற்றிய தம் அறிவோடு தோட்டத்துக்கு வந்து போவார். ஆய்வுப் பிரிவு வைத்துக்கொள்ள இயலாத நடுத்தர நிறுவனத்துக்கு இதைவிட மலிவாக ஆய்வு எங்கே கிடைக்கும்?

ஆள் பற்றாக்குறையையும் எண்ணிப் பாருங்கள். கொழுந்து பறிக்கும் வேலை பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர் கையில் உள்ளது. 2020-இல் கோவிட் காலத்தில் வெளிநாட்டார் வருகை நிறுத்தப்பட்டபோது நாடெங்கும் தோட்டத்துறை எவ்வளவு தவித்தது என்பதை நாம் கண்டோம். கத்தரியும் இருவர் பிடித்துச் செல்லும் பறிப்பு இயந்திரமும் பல சரிவுகளில் கைப்பறிப்பின் இடத்தைப் பிடித்துவிட்டன. இனிமேல் தோட்டத்துக்கு வேண்டியவர்கள் இயந்திரம் அறிந்தவர்கள், மண் அறிந்தவர்கள், சுற்றுப்பயணிகளிடம் தேயிலையைப் பற்றி நான்கு மொழிகளில் பேசத் தெரிந்தவர்கள். நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழும் மலாயும் ஆங்கிலமும் வரும். காய்கறிச் சந்தையில் சீனமும் பழகிவிடுகிறார்கள். இந்தக் குளிரிலேயே பிறந்தவர்களுக்கு மழையும் தனிமையும் ஒரு பொருட்டல்ல.

வேலை செய்துகொண்டே படிப்பது தோட்டத்துறைக்கு அந்நியமானதும் அன்று. 1919-இல் தோன்றிய ஐ.எஸ்.பி. என்னும் தோட்ட நிர்வாகிகள் கழகம், பணியிலிருப்போர் எழுதித் தேறும் தொழில்முறைத் தேர்வுகளை நெடுங்காலமாக நடத்தி வருகிறது. கேமரன் மலையில் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கியது 1929-இல். இன்றைய புத்ரா பல்கலைக்கழகம் செர்டாங்கில் வேளாண் பள்ளியாகத் தொடங்கியது 1931-இல். மலைத் தேயிலையும் வேளாண் உயர்கல்வியும் இந்நாட்டில் ஏறக்குறைய ஒரே வயதுடையவை. மலையடிவாரத்துக் கம்பாரில் துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழக வளாகம் 2007 முதல் இருக்கிறது. வேளாண் அறிவியல் இளங்கலையும் அங்குண்டு. தாப்பா வழியாக இறங்கினால் அதே நாளில் போய்த் திரும்பிவிடலாம். பெர்லிஸுக்கு அப்படிப் போய்வர முடியாது. மலையிலேயே, தானா ராத்தாவில், மார்டி ஆய்வு நிலையமும் இருக்கிறது.

பணம்? பத்து அல்லது அதற்கு மேற்பட்ட உள்நாட்டுத் தொழிலாளர்களை வைத்திருக்கும் நிறுவனங்கள் சம்பளத்தில் ஒரு விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டு நிதிக்குக் கட்டுகின்றன. 2021-இல் அச்சட்டம் விரிவாக்கப்பட்டபோது வேளாண்துறையும் உள்ளே வந்தது. பயிற்சிக்காகக் கட்டிய பணத்தை ஓரிரு நாள் விடுதிக் கருத்தரங்குகளில் கரைப்பதை விட ஒரு பிள்ளையின் பயிற்சியில் போடுவது மேல். எஸ்.பி.எம். அளவில் நின்றவர்களுக்கு 2005 முதல் நடந்துவரும் தேசிய இரட்டைப் பயிற்சித் திட்டம் உண்டு. அதில் பெரும்பகுதி நேரம் வேலைக்களத்திலேயே கழியும். ஆனால் கிடைப்பது திறன் சான்றிதழ். பட்டத்துக்கு வழியாக, இரண்டாண்டு பல்கலைக்கழகம், இரண்டாண்டு தொழில்துறை என்னும் '2யூ2ஐ' முறையை உயர்கல்வி அமைச்சு 2017-இல் முன்வைத்தது. அதில் பிள்ளை முதலில் மாணவர். நிறுவனத்தைப் பிறகுதான் தேடுகிறார். நான் கேட்பது ஒரு படி மேலே: பிள்ளை முதல் நாளே தோட்டத்தின் ஊழியராக இருக்க வேண்டும். என் மாணவர்களுள் எவரும் இவ்வழியில் போனதை நான் இதுவரை கண்டதில்லை.

இதில் உண்மையான சிக்கல் ஒன்று இருப்பதை மறைக்க விரும்பவில்லை. ஒரு தோட்டம் ஆண்டுக்கு ஓரிருவரைத்தான் எடுக்க முடியும். ஓரிருவருக்காக எந்தப் பல்கலைக்கழகமும் வகுப்பு நடத்தாது. ஆகவே பல தேயிலை நிறுவனங்கள், பூந்தோட்டக்காரர்கள், காய்கறிப் பண்ணையாளர்கள், தங்குவிடுதிகள் ஒன்றுசேர்ந்து இருபது பேரையாவது திரட்ட வேண்டும். சந்தையில் போட்டியிடுகிறவர்கள் ஒரே மேசையில் உட்கார வேண்டும். இது எளிதன்று. ஸ்டுட்கார்ட்டில் போட்டி நிறுவனங்கள் ஒரே கழகத்தை ஆதரித்தன என்பதை மட்டும் நினைவூட்டுவேன். முதல் இரண்டாண்டுகளில் செலவுதான் தெரியும், வரவு தெரியாது என்பதும் உண்மை. மரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், நட்ட தேயிலைச் செடியிலிருந்து முதல் மாதமே கொழுந்து கேட்கும் நிர்வாகியை நான் பார்த்ததில்லை.

"படிக்க வைத்த பிறகு ஓடிவிட்டால்?" இதுவே எல்லா முதலாளிமாரும் கேட்கும் கேள்வி. நிர்வாகியும் கேட்டார். பத்தாண்டு ஒப்பந்தம் போடலாமா என்றார். எனக்குச் சுருக்கென்றது. நம் பாட்டன்மார் சஞ்சியில் கையெழுத்திட்டு, கையெழுத்துத் தெரியாதவர் கைநாட்டு வைத்து, வந்தவர்கள். ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் ஒழிந்தது. அதன் பின்னும் கங்காணி கொடுத்த முன்பணம் கடனாகத் தொடர்ந்து தோட்டத்தோடு கட்டிப்போட்டது. பட்டம் என்ற பெயரில் அந்தக் கயிறு திரும்பி வரக்கூடாது. படித்த காலத்துக்குச் சமமான காலமோ அதற்கும் குறைவாகவோ பணி. முன்கூட்டிப் போக விரும்பினால் எஞ்சிய காலத்துக்கேற்பக் குறைந்துகொண்டே வரும் தொகை. பட்டம் கையில் வந்த நாளில் பதவி உயர்வும் சம்பள உயர்வும் எழுத்தில். இப்படியிருந்தால் ஓடத் தோன்றாது. கட்டிப்போட்டு வைத்திருந்தவர்களின் பிள்ளைகள்தாம் முதலில் ஓடினார்கள் என்பதற்கு எங்கள் பள்ளியின் மாணவர் பதிவேடே சான்று. ஆண்டுக்காண்டு அது மெலிந்துகொண்டே வருகிறது.

இனிப் பெற்றோர்களே, உங்களிடம் ஒரு சொல். "மறுபடியும் தோட்டமா?" என்று நீங்கள் முகம் சுளிப்பது எனக்குத் தெரியும். கூடையைத் தூக்கிய தோளின் வலி அறிந்த தாய், என் பிள்ளை இந்த மண்ணை மிதிக்கவே கூடாது என்று எண்ணுவதில் தவறில்லை. நானும் தோட்டத்தில் பிறந்தவள்தான். என் அம்மாவும் அப்படியே எண்ணினார். ஆனால் தோட்டத்தை விட்டு இறங்கிய பிள்ளைகள் எல்லாரும் மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் ஆகிவிடவில்லை. என் மாணவனின் லாரி அந்த மண்ணை மிதிக்காமல்தான் ஓடுகிறது, இரவு முழுதும். தேயிலை அறிந்த வேளாண் பட்டதாரியாக அவன் அதே தொழிற்சாலைக்குள் நுழைவதும், எடைபோட வரிசையில் நிற்பதும் ஒன்றாகா. இருப்பினும், பேச்சோடு நம்பிவிடாதீர்கள். ஒப்பந்தத்தைக் கேளுங்கள். பட்டம் தகுதி முகமையின் அங்கீகாரம் பெற்றதா, படிக்கும் நாளுக்கும் சம்பளம் உண்டா, எந்த விரிவுரையாளர் பொறுப்பு, இடையில் தோட்டம் கைமாறினால் பிள்ளையின் படிப்பு என்னவாகும் என்று கேளுங்கள்.

ஆசிரிய நண்பர்களுக்கும் வேலை இருக்கிறது. ஆறாம் ஆண்டோடு நம் கடமை முடிந்ததென்று இருந்துவிடுகிறோம். கடந்த பத்தாண்டு மாணவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள், எதுவரை படித்தார்கள் என்று ஒரு பட்டியல் எடுங்கள். நான் எடுக்கத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை முப்பத்தொரு பெயர். எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேசன் அல்லது டிப்ளோமா முடித்தும் பட்டப் படிப்புக்குப் போகாதவர்கள் அவர்களில் ஒன்பது பேர். ஐவர் இன்னும் இம்மலையிலேயே இருக்கிறார்கள்.

அந்தப் பட்டியலை நிர்வாகியிடம் கொடுத்தேன். அவர் நெடுநேரம் பார்த்தார். ஒரு பெயரைச் சுட்டி, "இது நம் கண்டக்டர் மகள் இல்லையா? இவ்வளவு படித்திருக்கிறாளா?" என்றார். தலைமையகத்தில் பேசிப் பார்ப்பதாகவும், அடுத்த மாதப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு வருவதாகவும் சொல்லியிருக்கிறார். வருவாரா என்று தெரியாது. வந்தால் என்ன கேட்க வேண்டும் என்று என் மாணவனின் தந்தையிடம் கேட்டேன். முதுகைப் பிடித்துக்கொண்டு யோசித்தவர், "மேசை தருவாங்களா, கூடை தருவாங்களான்னு முதல்ல கேளுங்க டீச்சர்" என்றார். அதையே முதல் கேள்வியாக எழுதி வைத்திருக்கிறேன்.